நேர்மின்வாய்

"ஒரே ஒரு கையெழுத்துதான், மேடம். படிச்சுப் பார்க்கக்கூட வேண்டாம். நீங்க சொல்றதையே டைப் பண்ணி வெச்சிருக்கோம்" என்றான் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரகோத்தமன்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அபிராமவல்லி.

"சொல்வீங்கல்ல, அதைத்தான்."

அபிராமவல்லிக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. அவளுக்குப் பிடித்தவர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். முப்பத்து நான்கு வருஷம் திருச்சியில் பெண்களுக்கு வேதியியல் கற்றுக்கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு கலைச்சொல் குழுவின் தலைவி. உலகத்தில் பாதிப்பேருக்கு வேதியியல் தெரியாது, மீதிப்பேருக்குத் தமிழ் தெரியாது, இரண்டும் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்பது அவளுடைய தீர்மானம். அந்தத் தீர்மானத்தை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

இந்த ரகோத்தமன் 'இன்மின்' கம்பெனியின் மண்டல மேலாளர். கம்பெனி செய்வது சர்க்கரைக் கலம். சனங்கள் வாயில் 'சுகர் செல்லு'. சர்க்கரை நோயாளியின் முன்கையில், தோலுக்கடியில், விரல் நீளத்துக்கு ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையை அது எரிக்கும். நெருப்பில்லாமல், புகையில்லாமல், எரிகிறபோது வருகிற சக்தியை மின்சாரமாக்கி வெளியே அனுப்பும். கையிலிருந்து இரண்டு வயர் இடுப்பில் கட்டிய பெட்டிக்குப் போகும். பெட்டி நிறைந்ததும் ரேஷன் கடையில் கொடுத்துவிட்டுக் காலிப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம். மாசம் நாலு பெட்டி நிறைத்தால் மாத்திரை இலவசம். ஒரு காலத்தில் சர்க்கரை வாங்க ரேஷன் கடையில் நின்ற சனம், இப்போது தன் உடம்புச் சர்க்கரையைக் கொடுக்க அதே வரிசையில் நின்றது. இதற்குப் பெயர் திட்டம். நகரத்துப் பெரிய மனிதர்களும் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பெட்டி நிறைவது முக்கியமில்லை. கல்யாண வீட்டில் 'கலம் போட்டவர்களுக்கு' என்று தனிப் பந்தி, ஐந்து இனிப்பு. அதற்காக.

"மூணு பேருக்குக் கை போச்சுன்னாங்களே" என்றாள் அபிராமவல்லி.

"ஒருத்தருக்குத்தான் எடுத்தாங்க மேடம். மத்த ரெண்டு பேருக்குத் தழும்பு."

"ரொம்ப ஆறுதல்."

"நர்ஸ் வயரைத் தலைகீழா மாட்டிட்டா. அவ்வளவுதான் விஷயம். கையிலேர்ந்து கரண்டு வாங்கவேண்டிய பெட்டி, கைக்குள்ள கொட்டிடுச்சு. உங்க குழு பார்த்துக் குடுத்த செய்முறைப் புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு, நாப்பத்து மூணாம் பக்கம். புத்தகம் சரியா இருக்குன்னு நீங்க ஒரு சான்று குடுத்தீங்கன்னா, இன்னைக்கு மூணு மணி விசாரணையோட முடிஞ்சுடும். போலீஸ் அவளைப் பார்த்துக்கும்."

"என்ன ஆகும் அவளுக்கு?"

"வேலை போகும். அஜாக்கிரதையால ஊனம்னு வழக்கு. உள்ள போவா."

கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் உள்ள ஊர். மரத்து இலைகூட வெள்ளையடித்தது போலிருந்தது.

"அந்தப் பொண்ணைப் பார்க்கணும்" என்றாள் அபிராமவல்லி.

"எதுக்கு மேடம்?"

"அச்சுல இருக்கிற தமிழைப் படிக்கத் தெரியாத நர்ஸு எப்படி இருப்பான்னு பார்க்க."

அவன் சிரித்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவும் அவனை அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

நர்ஸ் ஜெசிந்தா, ஊசி போடுகிற அறைக்கு அடுத்த சாமான் அறையில் இருந்தாள். முப்பது, முப்பத்தொரு வயது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. ஆனாலும் கை சும்மா இல்லை, துணியைக் கத்தரித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாப் போட்டுக்குங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். புத்தகத்து அட்டையில படமும் பேரும் இருக்கு."

"தமிழ் படிக்க வருமா உனக்கு?"

ஜெசிந்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஜெபப் புத்தகம் படிப்பேன். பஸ் போர்டு படிப்பேன். நீங்க போட்ட புத்தகமும் படிச்சேன்."

"படிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது."

"படிக்காம மாட்டின நூத்திப் பதினாலு பேரு நல்லாத்தான் மேடம் இருக்காங்க. படிச்சுட்டு மாட்டினது மூணு பேருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற குரல். அதுதான் அபிராமவல்லிக்கு எரிச்சலாக இருந்தது.

"புரியற மாதிரி சொல்லு."

"முன்னாடி வந்த டப்பாவுல ஒரு வயரு கறுப்பு, ஒண்ணு சிவப்பு. பெட்டியிலயும் கறுப்பு ஓட்டை, சிவப்பு ஓட்டை. கறுப்பைக் கறுப்புல, சிவப்பைச் சிவப்புல. இதுக்கு எதுக்குப் புத்தகம்? போன மாசம் புது டப்பா வந்துச்சு. ரெண்டு வயருமே வெள்ளை. ஒண்ணுல 'நே'ன்னு போட்டிருக்கு, ஒண்ணுல 'எ'ன்னு. பெட்டியில பிளஸ், மைனஸ். சரின்னு புத்தகத்தைத் திறந்தேன்." ஜெசிந்தா எழுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்து அபிராமவல்லியின் மடியில் வைத்தாள். "நீங்களே படிங்க."

*நேர்மின்வாயை நேர்முனையில் இணைக்கவும்.*

"சரியாத்தானே இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்த அபிராமவல்லி, பாதியில் மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது.

நேர்மின்வாய், ஆங்கிலத்தில் ஆனோடு, மின்பகுப்பில் நேர்தான். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து உப்பைப் பிரிக்கிறபோது அது பிளஸ். அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் யாரோ அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் மின்சாரத்தைத் தருகிற கலத்தில், பேட்டரியில், உடம்புக்குள் வைக்கிற இந்தக் கலத்தில், சர்க்கரை எரிந்து எலெக்ட்ரானை விடுகிற அதே வாய், மைனஸ். பெயரில் நேர், வேலையில் எதிர். வருஷாவருஷம் யாராவது ஒரு பெண் எழுந்து கேட்பாள்: மேடம், பேட்டரியில மட்டும் நேர்மின்வாய் ஏன் எதிரா இருக்கு? வருஷாவருஷம் அபிராமவல்லி சொன்ன பதில்: மனப்பாடம் பண்ணு, மார்க் வரும்.

"எனக்கும் ஒரு நிமிஷம் இடிச்சுது மேடம்" என்றாள் ஜெசிந்தா. "இத்தனை நாள் மாட்டினதுக்கு மாறா இருக்கே, கையில கறுப்பு வயரு வந்த அதே பக்கத்து வயரு இப்போ மைனஸ்ல போகாம பிளஸ்ல போகுதேன்னு. அப்புறம் அட்டையைப் பார்த்தேன். முனைவர்னு உங்க பேரு போட்டிருந்துச்சு. தப்புன்னு சொல்ல நான் யாரு?"

அபிராமவல்லி புத்தகத்தை மூடினாள். "மொழிபெயர்த்தவன் முட்டாள்" என்றாள்.

"அப்படியா" என்றாள் ஜெசிந்தா. அவள் மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

*

மொழிபெயர்த்தவன் பெயர் இளவழுதி. புதுச்சேரிக்காரன். வராந்தாவில் நின்று அவனைக் கூப்பிட்டாள். அவன் எண்ணை எப்போதோ அழித்துவிட்டோம் என்று நினைத்திருந்தாள், அழிக்கவில்லை.

"இளவழுதி, கலைச்சொல் குழுவிலேர்ந்து அபிராமவல்லி பேசறேன். நீ மூணு வருஷம் முன்னாடி ஒரு புத்தகம் செஞ்சியே, சர்க்கரைக் கலத்துக்கு."

"செஞ்சேன் மேடம். அதுதான் நான் செஞ்ச கடைசிப் புத்தகம்."

"நாப்பத்து மூணாம் பக்கத்துல நேர்மின்வாயை நேர்முனையிலன்னு எழுதியிருக்கியே, நீயெல்லாம் என்னய்யா படிச்ச?"

"நான் எதிர்முனையிலன்னுதான் எழுதினேன் மேடம். அடிச்சது நீங்க."

"நானா?"

"பச்சை மையில. பக்கத்துல குறிப்பும் போட்டிருந்தீங்க. சொல்லவா? எனக்கு மனப்பாடம். 'நேரை எதிரில் மாட்டச் சொல்லும் இந்த அறிவாளிக்குத் தமிழும் வரவில்லை, வேதியியலும் வரவில்லை. இனி இவருக்கு வேலை தர வேண்டாம்.' தரலை. இப்போ கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிட்டிருக்கேன்."

"நீ எனக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்."

"பண்ணினேன். 'உன் வயசுக்கு மேல எனக்கு சர்வீஸு'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த வாக்கியத்தை அவள் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வைக்கிறபோது ஒவ்வொரு தடவையும் சுகமாக இருக்கும்.

"யாருக்காவது என்னமாவது ஆச்சா மேடம்?" என்றான் இளவழுதி.

"ஒருத்தருக்குக் கை."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். "அந்தத் தாள் எங்கிட்டதான் இருக்கு. அனுப்பட்டுமா?" என்றான்.

"வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். வேண்டாம் என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததே அருவருப்பாக இருந்தது. ரகோத்தமனின் தாளில் கையெழுத்துப் போட்டால் பச்சை மை புதுச்சேரியில் ஒரு பீரோவுக்குள் கிடக்கும். ஜெசிந்தா உள்ளே போவாள். ரகோத்தமனையும் தன்னையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. தட்டு அவன் பக்கம் இறங்கவில்லை.

"மேடம், மூணாகப்போகுது" என்று பேனாவை நீட்டியபடி வந்தான் அவன்.

"உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்றாள்.

*

விசாரணை நடந்தது குடும்பநலக் கூட்ட அறையில். சுவரில் தாய்ப்பால் பற்றிய படங்கள். விசாரித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி தண்டாயுதபாணி. மத்தியானச் சாப்பாட்டின் தூக்கத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குறிப்பெடுக்கிற ஒரு பெண். முதல் வரிசையில் பழனியாண்டி. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினவர். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்கள். பின்வரிசையில் ஜெசிந்தா, தனியாக.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. "புத்தகம் சரியா இருக்குன்னு சான்று தர்றீங்க. அப்படித்தானே?"

"புத்தகம் தப்பு" என்றாள் அபிராமவல்லி. "நாப்பத்து மூணாம் பக்கத்துல முனை மாறியிருக்கு. அந்தப் பொண்ணு அதுல போட்டிருந்தபடியேதான் மாட்டியிருக்கா."

ரகோத்தமன் பேனாவை மூடினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக் கம்பெனியில் வேறு ஆட்கள் இருப்பார்கள் போலிருந்தது. "ஐயா, மேடமோட அகராதியே எங்ககிட்ட இருக்கு" என்று ஒரு தடிப் புத்தகத்தை மேசையில் வைத்தான். "நேர்மின்வாய்னு இவங்களே போட்டிருக்காங்க. நேர்னா பிளஸ். நேரை நேர்ல மாட்டறதுல என்னங்கய்யா தப்பு?"

நீதிபதி அகராதியைப் புரட்டினார். "நீங்க போட்டதுதானே அம்மா?"

"ஆமா."

"அப்போ அகராதியும் தப்பா?"

"பாதி தப்பு. மின்சாரம் குடுக்கிற இடத்துல சரி. மின்சாரம் வர்ற இடத்துல தப்பு."

யாரோ சிரித்தார்கள். நீதிபதியும் லேசாகச் சிரித்தார். முப்பத்து நான்கு வருஷம் அபிராமவல்லி பிறரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பது இப்போதுதான்.

"மேடத்துக்கு வயசாகுது" என்றான் ரகோத்தமன், மரியாதை சொட்டச் சொட்ட. "பயணக் களைப்பு வேற. ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது ஆபத்தான பொருளா இருந்தா நாங்க போட்டுக்குவோமா?" முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே ஏற்றினான். முன்கையில் அந்த விரல் நீளப் புடைப்பு. "நாலு வருஷமா இருக்கு. காலையில ஜாங்கிரி சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினேன்."

அபிராமவல்லி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பின்வரிசையைப் பார்த்தாள்.

"ஜெசிந்தா, அந்தப் புது டப்பா ஒண்ணு எடுத்துட்டு வா. புத்தகத்தையும். நாப்பத்து மூணாம் பக்கத்துல போட்டிருக்கிற மாதிரியே சாருக்கு மாட்டு."

ஜெசிந்தா எழுந்து போனாள். ஒரு நிமிஷத்தில் ஒரு தட்டில் எல்லாம் வந்தது. பெட்டி, இரண்டு வெள்ளை வயர், விரித்த புத்தகம், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுகூட. ரகோத்தமன் முன்னால் போய் நின்றாள்.

"கையை நீட்டுங்க சார்."

அவன் நீட்டவில்லை. "என்னோடது பழைய மாடல்" என்றான்.

"மாடலுக்கு மாடல் சர்க்கரை வேற மாதிரியா எரியும்?" என்றாள் அபிராமவல்லி.

"மேடம், இது விசாரணை. இங்க போய்..."

"புத்தகம் சரின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் நீதிபதி. கண்ணாடியைக் கழற்றியிருந்தார். தூக்கம் போயிருந்தது.

"குடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார் பழனியாண்டி முதல் வரிசையிலிருந்து. "கொஞ்சம் எரியும். முதல் நாள் எரியறது இயல்புதானாம், அதுவும் அந்தப் புத்தகத்துலயே இருக்கு. சிஸ்டரு எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. நான் விடியவிடிய இயல்புன்னு படுத்துக் கிடந்தேன்."

ரகோத்தமன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பொத்தான் ஓட்டையில் நுழைய மூன்று தடவை ஆயிற்று. அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்கம்மா" என்றார் நீதிபதி குறிப்பெடுக்கிறவளிடம். "புத்தகத்தில் பிழை உள்ளது. செவிலியர் அதன்படியே நடந்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை."

ஜெசிந்தா தட்டோடு அப்படியே நின்றாள். பஞ்சு மட்டும் தட்டிலிருந்து விழுந்தது.

"சரிங்கய்யா" என்றான் ரகோத்தமன். அவன் தேறுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு வெட்கம் என்பது தும்மல் மாதிரி, வந்தது தெரிவதற்குள் போய்விடும். "பிழைன்னா அது மொழிபெயர்ப்பாளரோட பிழை. பேரு இளவழுதி. விலாசம் இருக்கு. கம்பெனி சார்புல நாங்களே அவர்மேல புகார் குடுத்துடறோம்."

நீதிபதி தலையை ஆட்டினார். குறிப்பெடுக்கிறவள் 'இள' வரை எழுதிவிட்டாள். ஒரு சின்ன ஆள் விடுபட்டதும் இன்னொரு சின்ன ஆள். இந்த அறையில் எல்லோருக்கும் அது போதுமாயிருந்தது.

"அந்தப் பேரை அடிம்மா" என்றாள் அபிராமவல்லி. "அவன் சரியாத்தான் எழுதினான். எதிர்முனையிலன்னு. மெய்ப்புல அதை நேர்னு திருத்தினது நான். பச்சை மையில. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஓரத்துல எழுதியும் வெச்சேன். போன் பண்ணிச் சொன்னான், கேக்கலை. அந்தத் தாள் அவன்கிட்ட இருக்கு, வரவழைச்சுக்குங்க. ரெண்டு வயரையும் வெள்ளையாக்கினது யாரு, தலைகீழா மாட்டினா கரண்டைத் தடுக்கிற டயோடு பெட்டியில இருந்திருந்தா இது நடந்திருக்காது, அதை எடுத்தது யாருன்னு கம்பெனியைக் கேளுங்க. அதையும் எழுதுங்க. ஆனா நான் அடிச்சதை முதல்ல எழுதுங்க."

பழனியாண்டி திரும்பி உட்கார்ந்தார். "ஏம்மா" என்றார். சண்டைக் குரல் இல்லை. "அதை அடிக்கிறப்ப என்ன நெனச்சீங்க?"

"எழுதினவன் முட்டாள்னு நெனச்சேன்."

"சரி. படிக்கிறவங்களைப் பத்தி?"

அபிராமவல்லிக்கு எத்தனையோ பதில் தெரியும். எந்தக் கேள்விக்கும் எதிராளி வாயடைக்கிற மாதிரி ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கும்.

"ஒண்ணும் நெனக்கலைங்க" என்றாள்.

பழனியாண்டி தலையை ஆட்டினார். மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை. கேட்டது கிடைத்தது, அவ்வளவுதான்.

நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "புதுப் புத்தகம் வர்றதுக்கு ஆறு மாசமாவது ஆகும். குழு கூடணும், சொல் மாத்தணும். அதுவரைக்கும் இந்த மாவட்டத்துல மாட்டறதை நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்கய்யா" என்றாள் ஜெசிந்தா. "அது ஏற்கெனவே சரி பண்ணியாச்சு."

"யாரு பண்ணினா?"

"நாங்கதான். நர்ஸுங்க. எனக்கு இப்படி ஆனதும் அன்னைக்கே எங்க குரூப்புல போட்டுட்டேன். எல்லா ஆஸ்பத்திரியிலயும் டப்பா வந்தவுடனே வயருல பிளாஸ்திரி ஒட்டிடறோம். பதினேழு மாவட்டத்துல ஓடிட்டிருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை." தட்டிலிருந்த வயரைத் தூக்கிக் காட்டினாள். அடியில் வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் நீலப் பேனாவில் கோணல்மாணலாக: *சக்கர பக்கம் - மைனசு.* இன்னொன்றில்: *காத்து பக்கம் - பிளசு.*

அபிராமவல்லி அதைப் படித்தாள். சர்க்கரை எரிகிற பக்கம், காற்று சேர்கிற பக்கம். மின்சாரம் வந்தாலும் போனாலும் பெயர் மாறாது. குழு பதினோரு தடவை கூடி, தேநீர் குடித்து, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டிக் கண்டுபிடிக்காத சொல்.

"இதுக்கு யாரு அனுமதி குடுத்தா?" என்றான் ரகோத்தமன்.

குறிப்பெடுக்கிறவள் நிமிர்ந்து, பழக்க தோஷத்தில், அபிராமவல்லியைத்தான் கேட்டாள்.

"மேடம், சக்கரைக்கு நடுவுல 'ர்' வருமில்ல? திருத்திப் போடட்டுமா?"

"அவங்க எழுதியிருக்கிற மாதிரியே போடும்மா" என்றாள் அபிராமவல்லி.